முதல் மிடறு

தம்பி,

நீ கேட்டது ஒரே ஒரு வரி. "அப்பா, போத்தல ருசி பாத்தீங்களா? குடுக்குற காசுக்குத் தகுமா?" போன வியாழக்கிழமை கைப்பேசியில் வந்தது. நான் மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவை அழித்துவிட்டேன். பிறகு உன் தங்கையின் பழைய பள்ளி நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே உன் போத்தல் இருக்கிறது. மூன்று விரல் அளவு குறைந்திருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதையும் இதில்தான் எழுத வேண்டும்.

போன மாதம் நீ பினாங்கிலிருந்து வந்து அதை இந்த மேசையில் வைத்தாய். ரை விஸ்கி என்றாய். ரை என்றால் குளிர் நாடுகளில் விளையும் ஒரு தானியம், அங்கே அதில் ரொட்டி சுடுவார்கள் என்று விளக்கினாய். விலை குறைவு, ஆனால் பேர் கெட்டதில்லை, மொத்தமாக எடுத்தால் கல்யாண விருந்தில் மேசைக்கு ஒன்று வைக்கலாம் என்றாய். அம்மா அரிசி களைந்துகொண்டே சிரித்தாள். "ஒங்கப்பாகிட்ட குடு. அவரு மூக்கு போலீஸ் நாய் மூக்கு லா. தொட்டு நக்கினாலே சொல்லிருவாரு." நீயும் சிரித்தாய். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டாய். "மாமாவ எப்படியாவது கூட்டிட்டு வாங்கப்பா. அவரு கையால மாலை போட்டாத்தான் நான் மேடை ஏறுவேன்." இரண்டையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய், போத்தலையும் மாமாவையும். இரண்டும் ஒரே காரியம் என்று உனக்குத் தெரியாது.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மாவின் தம்பி சேகர். பதினோரு வருடங்களுக்கு முன் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்தில் கெட்ட சாராயம் குடித்துக் கண் இரண்டும் போனது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. நீ அப்போது பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்து, மாமா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நீ கவனித்த ஒன்றை என்னிடமே ஒருமுறை கேட்டாய். மாமா ஏன் நம் வீட்டுக்கு வரும்போது தன் தண்ணீரைத் தானே கொண்டுவருகிறார்? அம்மா போடும் காப்பியை, அம்மா தன் கையால் கொடுத்தால் மட்டும் ஏன் குடிக்கிறார்? கோபக்காரர், ரோஷம் பார்ப்பார் என்று ஏதோ சொன்னேன். உண்மை வேறு. அவர் என் கையிலிருந்து எதையும் வாங்கிக் குடிக்கமாட்டார்.

என் மூக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈப்போவில் காப்பிக்கொட்டை வறுக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கொட்டை கருகுவதற்கு அரை நிமிடம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முதலாளி தவுக்கே கடிகாரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துத்தான் அடுப்பை அணைக்கச் சொல்வார். அது வெளியேயும் பரவியது. நெய் வாங்கினால் என்னிடம் கொண்டுவருவார்கள். டுரியான் பழத்தைப் பிளப்பதற்கு முன் என்னை முகரச் சொல்வார்கள். ஒருவன் ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னால் எல்லா விஷயத்திலும் அவனைக் கேட்கத் தொடங்குகிறார்கள். கேட்கப்படுவது சுகமாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை முடிக்காமல், பிறர் சொன்னதைச் செய்தே வளர்ந்தவன் நான். பத்துப் பேர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்து நிற்பது எனக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்று.

கரண்டி வழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. சம்சு என்று ஒரு மலிவுச் சாராயம் சின்னச் சின்னப் போத்தல்களில் விற்கும். அதைக் குடிப்பதற்கு முன் ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பார்கள். நீலமாக எரிந்தால் சுத்தம். மஞ்சளாக எரிந்தால் கலப்படம். எரியாவிட்டால் தண்ணீர். யார் கண்டுபிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பால்மரம் போய், தோட்டம் போய், நாங்கள் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் கரண்டி கூடவே வந்தது.

அந்தக் கல்யாணம் கோயில் மண்டபத்தில். பகல் பதினொரு மணி. தாலி கட்டியாகிவிட்டது, பந்தி நடந்துகொண்டிருந்தது. கோயில் வளாகத்துக்குள் குடிக்க முடியாது என்பதால் ஆண்கள் வழக்கம்போல் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு அதற்கடியில் நிற்பது. உனக்குத் தெரியாததில்லை, உன் கல்யாணத்திலும் அப்படி நிற்பார்கள். நான் அன்று குடிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மாவையும் தங்கையையும் வேனில் ஏற்றித் திரும்ப ஓட்டிவர வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அதுதான் பிறகு எனக்குப் பெரிய பேராக வந்தது.

மாமா பந்திக்கே வந்து என் தோளைத் தட்டினார். "மச்சான், வாங்க லா. நீங்க பாத்துச் சொல்லாம மூடியத் தொறக்க மாட்டேங்கிறான் இவன்."

இவன் என்றது லோரி ஓட்டும் தனபாலை. மாமாவின் கூட்டாளி. நல்ல உயரம், எப்போதும் சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்திருக்கும். அவன் காரின் பின்பக்கம் விஸ்கி என்று சீட்டு ஒட்டிய மூன்று போத்தல்கள். "வெளிநாட்டுச் சாமான்ணே. தெரிஞ்ச ஆளு ஒருத்தன் பாதி விலைக்குக் குடுத்தான். நல்லால்லன்னா சொல்லுங்க, நான் மட்டும் குடிச்சிக்கிறேன், இவனுக்குக் குடுக்கல."

"ஏண்டா, நல்லால்லாததக் குடிக்கிறதுக்கு ஒனக்கு மட்டும் என்ன தனி வயிறா?" என்றார் மாமா.

நான் மண்டபத்துக்குள் போய் அம்மாவிடம் கரண்டி கேட்டேன். உன் தங்கைக்கு அப்போது இருமல். மருந்து கொடுக்க அம்மா கைப்பையில் ஒரு சின்னக் கரண்டி வைத்திருந்தாள், காம்பில் பூப்போட்டது. பாயசத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தாள்.

மூடியைத் திருகினேன். அது உடையும் சத்தம் வரவில்லை. வழவழவென்று திரும்பியது. முன்பே யாரோ திறந்த மூடி. அது காதுக்குத் தெரிந்தது, தம்பி. முகர்ந்தேன். அதில் ஒன்றுமே இல்லை. விஸ்கி என்றால் ஏதாவது இருக்க வேண்டும், மரம், தானியம், புகை, கருகின சர்க்கரை. இதில் வெறும் காரம்தான் மூக்கில் ஏறியது. அதுவும் எனக்குத் தெரிந்தது. கரண்டியில் ஊற்றி, அடியில் லைட்டரைக் காட்டிச் சூடாக்கிப் பற்றவைத்தேன். வெயிலில் சுடர் தெரியவில்லை. காரின் கதவு நிழலுக்குள் கரண்டியைக் கொண்டுபோனேன். அங்கே தெரிந்தது. நல்ல நீலம். சுத்தமான நீலம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தெரியவில்லை" என்று ஒரு சொல் இருக்கிறது. அன்று அது என் வாயில் வரவில்லை. இன்னொரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "நல்ல சரக்கு. பாதி விலைக்கு மேலயே தாங்கும்" என்றேன். அவ்வளவுதான். கரண்டியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்திக்குத் திரும்பிவிட்டேன். பாயசம் சாப்பிட்டேன்.

மாமா அன்று எங்களோடு ஈப்போவுக்கு வந்தார். மறுநாள் நம் கூரையில் ஒழுகும் இடத்தை அடைப்பதாகச் சொல்லியிருந்தார். காலையில் அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலைக்குப் போய்விட்டாள், தங்கை பள்ளிக்கு. நான் அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். மாமா கூடத்துப் பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"மச்சான், ஜெரெபு வந்துருச்சா?"

வருடா வருடம் காடு எரிந்து ஊரை மூடும் அந்தப் புகைமூட்டம், ஜெரெபு, நமக்குப் புதிதில்லை. நான் வெளியே பார்க்கவில்லை. "வந்திருக்கும்" என்றேன். காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். சுண்ணாம்புக் குன்றின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தது. செடிகள்கூடத் தெரிந்தன. "ஒரு மண்ணும் இல்ல. ஒனக்கு இன்னும் எறங்கல, படுடா" என்று சிரித்தேன். அவர் காப்பியை எடுக்கக் கை நீட்டினார். கை கிளாஸுக்குப் பக்கத்தில், பாயில் தடவியது. அதையும் பார்த்தேன். அதற்கும் சிரித்தேன். பிறகு மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

அம்மா வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தபோது அவர் வாந்தியின் நடுவில் கதவைத் தேடிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இந்த ஒன்றை மட்டும் புத்திமதியாகச் சொல்கிறேன். கூட இருப்பவர் இருட்டாக இருக்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்து, அவர் சொல்வது தப்பு என்று நிரூபிக்காதே. அவர் முகத்தைப் பார். நான் அன்று குன்றைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். மாமா குடித்ததில் இருந்த நஞ்சைப் பற்றி அவர் விளக்கினார். அதைத் தடுத்து வைப்பதற்கு நல்ல சாராயமே மருந்தாகும், ஊசி மருந்து வந்து சேரும்வரை குழாய் வழியாகக் கொடுக்கலாம், மூடி உடையாத போத்தல் ஒன்று நம்பிக்கையான கடையிலிருந்து வாங்கி வர முடியுமா என்று கேட்டார். நான் ஓடினேன். பேரங்காடியில் மதுபானத் தட்டுக்கு முன்னால் நின்றேன். நூறு போத்தல் இருந்திருக்கும். எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் விலைச்சீட்டைப் பார்த்தேன், ஆக அதிக விலை எதுவோ அதை எடுத்தேன். கல்லாப் பெண் சிரித்தாள். "பார்ட்டியா அங்கிள்?" நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் போத்தல் மாமாவின் உயிரைப் பிடித்து நிறுத்தியது. கண்ணைப் பிடிக்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் என்று டாக்டர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். தனபால் அன்று சாயங்காலமே உயிரை விட்டான்.

டாக்டர் கேட்டார், குடிப்பதற்கு முன் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று. பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். நான் சொன்னேன், "அவங்க கொளுத்திப் பாத்தாங்களாம். நீலமா எரிஞ்சுச்சாம்." டாக்டர் பெருமூச்சு விட்டார். "அந்த நஞ்சும் நீலமாத்தான் எரியும்" என்றார். நான் செய்ததை அவர்கள் செய்ததாக்கி அந்த ஒரு வாக்கியத்தில் நான் வெளியே வந்துவிட்டேன். இறந்தவன் மறுக்கமாட்டான். இருந்தவருக்கு நினைவில்லை. நினைவு வந்து மாமா உண்மையைச் சொல்லும் நாளுக்காகக் காத்திருந்தேன். முதல் வாரம். முதல் மாதம். அவர் சொல்லவே இல்லை. அம்மாவோ ஊரெல்லாம் சொன்னாள். "இவரு அன்னிக்கு ஒரு சொட்டு தொடல. குடும்பத்த நெனச்சாரு. அதான் இன்னிக்கு என் தாலி நிக்குது." ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். அன்றோடு குடியை விட்டேன். அதையும் அவள் பெருமையாகச் சொன்னாள். பதினோரு வருடம் ஒரு பொய்யின் மேல் நின்று நல்லவனாக இருந்தேன். அது கெட்டவனாக இருப்பதைவிடச் சோர்வான வேலை.

இனிப் போன செவ்வாய்க்கிழமை. உன் போத்தலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம் சேகரைக் கூப்பிடப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அத்தை கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். மாமா முன்னறையில் தரையில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரர் காலையில் பூவைக் கொட்டிவிட்டுப் போவார், மத்தியானம் மாலையாக எடுத்துப் போவார். கல்யாண மாலைகள்தான் அதிகம்.

"யாரு?"

"நான்தான்."

"மச்சானா? செருப்பு சத்தம் புதுசா இருக்கே. இப்பவே கல்யாணச் செருப்பப் போட்டுக்கிட்டு திரியிறீங்களா? மாப்பிள்ளை நீங்களா, என் மருமகனா?"

நான் உட்கார்ந்து பையைக் கீழே வைத்தேன். சிமெண்டுத் தரையில் கண்ணாடி பட்ட சத்தம். அவர் விரல்கள் நின்றன.

"போத்தலா?"

"தம்பி வாங்கிட்டு வந்தான். விருந்துக்கு வைக்கலாமான்னு என்னையப் பாத்துச் சொல்லச் சொன்னான்."

கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை. "சரக்கு நல்லதா கெட்டதான்னு கேக்க எங்கிட்டயா வந்தீங்க? ஈப்போல ஆளே கெடைக்கலயா லா?"

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மூடி உடைந்த சத்தம் வராததை, வாசனையில் ஒன்றும் இல்லாததை, அது எனக்குத் தெரிந்ததை. கரண்டியை. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை. வரிசையாகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. அவர் பாதியிலேயே மறுபடி பூவை எடுத்துவிட்டார்.

"கரண்டி எனக்குத் தெரியும். பக்கத்துலதான நின்னேன், அப்ப கண்ணு இருந்துச்சே. மூடி விஷயம் தெரியாது." நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "மூடி விஷயத்த இன்னிக்குத்தான் சொல்றீங்க."

"அக்காகிட்ட ஏன்டா சொல்லல நீ?"

"சொன்னா? அக்கா உங்கள விட்டுட்டு இங்க வந்து உக்காந்து நாள் பூரா அழும். எனக்கு அழுகைச் சத்தம் ஆவாது. இருக்குறது காது ஒன்னுதான்." பிறகு, "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வருசம் நெனச்சேன். அப்புறம் பூ கட்டப் பழகிட்டேன்" என்றார்.

தம்பி, என்னை மன்னித்துவிட்டார் என்று நான் உனக்கு எழுதப்போவதில்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். போத்தலைக் கொடுத்தேன். அடியிலிருந்து மேல்வரை தடவிப் பார்த்தார். மூடியின் விளிம்பை நகத்தால் சுற்றி வந்தார். காதருகே வைத்து மெதுவாகத் திருகினார். டக்கென்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேருமே அசைந்தோம். முகர்ந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க. கரண்டியில இல்ல. கிளாஸ் அந்தப் பக்கம் இருக்கு."

"சேகரு, நான் விட்டு பதினோரு வருசம்..."

"தெரியும். நானும்தான்."

மூன்று விரல் அளவு ஊற்றினேன். அவர் தவழ்ந்து எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கி என் முகத்தைத் தேடி, தாடையிலிருந்து இறங்கி, தொண்டையில் வைத்தார். அதில் பூவின் ஈரம் இருந்தது. "முழுங்குங்க" என்றார். "வாயிலயே வச்சிக்கிட்டு நல்ல சரக்குன்னு சொல்லாதீங்க."

முழுங்கினேன். அவர் விரலுக்கடியில் அது இறங்கிப் போனது. ஒவ்வொரு மிடறுக்கும் விரல் என் தொண்டையோடு ஏறி இறங்கியது. கிளாஸ் காலியாகும்வரை கையை எடுக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

சொன்னேன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "மொதல்ல ரொட்டி ஓரம் கருகின வாசன. வாயில வச்சதும் காரம். மொளகாக் காரம் இல்ல, மொளகுக் காரம். ஆறிப்போன ரசம் மாதிரி. நடுவுல காஞ்ச ஆரஞ்சுத் தோலு."

"கடைசியில?"

"மரம். பென்சில் சீவின வாசன. கொஞ்சம் கசக்குது. சீக்கிரம் போயிருது, ரொம்ப நேரம் நிக்கல. இளசு. இன்னும் ரெண்டு வருசம் மரப்பீப்பாய்ல இருந்திருக்கலாம்."

"வெல?"

சொன்னேன்.

"அப்பப் பரவால்ல லா," என்றார். ஆனால் கிளாஸைத் தொடவில்லை. "நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போன் பண்றேன். மேல மானம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மாலையப் பத்திப் பேசலாம்."

மூடி உடையாத போத்தல், நல்ல கடை. அதில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்த எல்லாக் கடைப் பலகைகளையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள், என் மூச்சு அவள் மேல் பட்டது. சோறு போட்டாள். தலையணையை எடுத்துக்கொண்டு தங்கையின் காலி அறைக்குப் போய்விட்டாள்.

காலையில் கண்ணைத் திறந்ததும் கூரையைப் பார்த்தேன். மின்விசிறியின் மூன்று இறக்கைகள். நாட்காட்டியின் எண்கள். பத்து மணிக்கு நான் பின்கட்டில் நின்றிருந்தேன். அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவள் அவள்தான். "சேகரு! அவனே போன் பண்றான்!" என்று சந்தோஷத்தோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"மானம் எப்படி மச்சான் இருக்கு?"

"நல்லா இருக்கு. குன்னுக்கு மேல ரெண்டு மேகம். வெள்ளையா. மத்த எடமெல்லாம் நீலம்."

"எந்த நீலம்?"

நான் குன்றுக்கு மேலே மறுபடி பார்த்தேன்.

"கரண்டியில பாத்தீங்களே, அந்த நீலமா?"

"இல்ல," என்றேன். "அதவிட வெளுப்பு." அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனையும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "குருட்டுப் பய எதுக்கு மானத்தக் கேக்குறான்?" இருவருக்கும் நடுவில் ஈரத்துணி வாளி. அங்கேயே நின்று சொன்னேன். உட்காரச் சொல்லிச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அவள் அழவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கரண்டி எது?"

அந்தக் கரண்டியை நான் எறியவில்லை, தம்பி. அன்று சட்டையைத் துவைக்கும்போது அம்மா எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டாள். அடியில் லைட்டர் புகை கறுப்பாகப் பிடித்திருந்தது. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை, விட்டுவிட்டாள். பதினோரு வருடம் அதில்தான் காப்பிக்குச் சீனி போட்டோம். நீயும் போட்டிருக்கிறாய். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவள் உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம். பிறகு துணிமணி எடுத்து வைக்கும் சத்தம்.

அம்மா சேகர் வீட்டில் இருக்கிறாள். இன்று ஆறாம் நாள். தங்கை உன்னிடம் வேறு ஏதோ சொல்லியிருப்பாள், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அம்மா உன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருவாளா என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல இப்போது வாய் வருகிறது. கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். போத்தல் நல்லது. கொடுக்கும் காசுக்குத் தகும், கொஞ்சம் அதிகமாகவே தகும். பெரிய விஸ்கி இல்லை, ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளேயும் இருக்கிறது. இளசு என்பதால் தொண்டையைக் கொஞ்சம் சுரண்டும், இரண்டு ஐஸ் கட்டி போட்டால் அடங்கிவிடும். மேசைக்கு ஒன்று வை. வாங்கும்போது ஒவ்வொரு மூடியையும் நீயே பார். இதை நான் நாக்கை வைத்துச் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிவரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாமாவின் நிபந்தனை இது. உனக்கு மாலை போட்டு முடித்த பிறகு, சாயங்கால விருந்தில், அவரும் ஒரு கிளாஸ் குடிப்பார். பதினோரு வருடத்தில் முதல் கிளாஸ். ஆனால் அதற்கு முன் அதே போத்தலிலிருந்து நான் குடிக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் இல்லை, மண்டபத்தில், குடும்ப மேசையில், எல்லோரும் இருக்கும்போது. அவர் கை என் தொண்டையில் இருக்கும்.

சம்மதித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெண் வீட்டார் கேட்பார்கள், இது என்ன உங்கள் வீட்டு வழக்கமா என்று. அப்போது நீ தலையைக் குனிந்துகொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். என் வாயில் விஸ்கி இருக்கும், அவர் கை அங்கே இருக்கும், என்னால் பேச முடியாது.

கேட்பவர்களுக்கு நீ சொல். நடந்ததை நடந்தபடி சொல். கொளுத்திப் பார்த்தது அப்பா என்று சொல்.

அப்பா